மண்வெட்டிச் சத்தியம்

அம்சவள்ளியால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சோறு தின்னும்போதுகூட எழுந்து ஓடத் தயாராக ஒரு கால் மடங்கியே இருக்கும். ஏரிக்கொல்லையில் யார் வீட்டில் சத்தம் கேட்டாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். சண்டையை விலக்கப் போனாளா, மூட்டிவிடப் போனாளா என்பது எல்லாம் அடங்கிய பிறகுதான் தெரியும். அப்புறம் அவளே இரண்டு வீட்டுக்கும் குழம்பு கொடுத்தனுப்புவாள். ஊரில் அவளைத் திட்டாதவர்கள் இல்லை. அவள் இல்லாமல் ஒரு காரியம் நடந்ததும் இல்லை.

ஏரிக்கொல்லை, சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது. பஸ் நின்றால் ஏறலாம். நிற்காவிட்டால் டிரைவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு நடக்கலாம். ஊரில் நிலம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர். அந்த நிலத்தில் குனிந்து வேலை செய்கிறவர்கள் மீதி எல்லாரும். அம்சவள்ளி அந்த மீதியில் ஒருத்தி. அவளுடைய அப்பா மலைமேல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் கீழே கரும்பு வெட்டியும் தேய்ந்து போனவர். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றது. கட்டிக்கொண்ட கொளஞ்சியப்பன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஓட்டுப் போடவும் ஊருக்கு வருகிறவன். ஒரே பெண் ரம்யா, திருக்கோவிலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று.

அவளுக்கு ஊரில் மதிப்பு வந்தது ஒரு போனால். நூறு நாள் வேலையில் அவள்தான் பணித்தளப் பொறுப்பாளர். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, வேலைக்கு வந்த பெண்களை ஏரிக்கரையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அரசாங்கத்துக்கு ஏற்ற வேண்டும். படம் ஏறினால்தான் கூலி. அதற்காகக் கொளஞ்சியப்பன் பெங்களூரிலிருந்து பெரிய போன் ஒன்று வாங்கி வந்தான். கரையில் சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் ஏறி நின்று அவள் கையைத் தூக்கிப் படத்தை ஏற்றுவதை, கீழே பெண்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படம் ஏற்றியது போக மிச்ச நேரமெல்லாம் அந்த போன் ஊருக்குப் பொது. வேலை ஓய்ந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்தால், "அம்சா, இன்னாடி வந்திருக்குது இன்னைக்கு?" என்று காசியம்மாள் கேட்பாள். காசியம்மாள் ஐம்பதைத் தாண்டியும் இரண்டு ஆள் மண்ணை ஒருத்தியாகச் சுமக்கிறவள். வாயும் அந்த அளவுக்குப் பலமானது. அம்சவள்ளி சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்து, எங்கோ பாம்பு பால் குடித்தது, எங்கோ மருமகள் மாமியாருக்குக் கோயில் கட்டியது எல்லாவற்றையும் போட்டுக் காட்டுவாள். எதிர்த்திசையிலும் நடக்கும். யாராவது ஆடினால், பாடினால், வழுக்கி விழுந்தால் உடனே படம் பிடித்து 'ஏரிக்கொல்லை மகளிர்' குரூப்பில் போட்டுவிடுவாள். போட்டதைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது. அவள் கண் அடுத்ததற்குப் போயிருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஊராட்சித் தேர்தல் வந்தது.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர்தான் நிஜமாக நின்றார்கள். ஒருவர் தங்கதுரை, ஆட்டோ சின்னம். ஊரில் ஜாஸ்தி நிலம் அவருடையது. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் மாறிமாறித் தலைவராக இருந்தவர்கள். சும்மா சொல்லக் கூடாது, ஓட்டுக் கேட்கிற வித்தை அவருக்குத் தெரியும். கொடி இல்லை, கோஷம் இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, நான் உங்க வூட்டுப் புள்ள. மத்தவங்க எல்லாம் மனு எழுதுறவங்க, சட்டம் பேசுறவங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்க பசிதான் தெரியும்" என்பார். நூறு நாள் வேலையை இருநூறு நாளாக ஆக்குவேன் என்றார். வீடு இல்லாதவர்களுக்கெல்லாம் ஒரே வருஷத்தில் காங்கிரீட் வீடு என்றார். ஊராட்சித் தலைவருக்கு அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அம்சவள்ளியும் கேட்கவில்லை. கேட்பதற்கு அது அவ்வளவு இனிப்பாக இருந்தது.

இன்னொருத்தி கோகிலவாணி, பூட்டு சாவி சின்னம். கூலிக்காரர் மகள், சங்கராபுரத்துக்குப் போய்ப் படித்தவள், ரைஸ் மில் ஓரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். முதியோர் பென்ஷன் நின்று போன கிழவிகளுக்கெல்லாம் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தவள். அவள் ஓட்டுக் கேட்ட விதத்தில் இனிப்பு கம்மி. "இருநூறு நாளெல்லாம் நம்ம கையில இல்லக்கா. நடக்குற நூறு நாள ஒழுங்கா நடத்துவேன், கூலிய நிக்காம வர வெப்பேன்" என்றாள். உண்மையைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும். ஆனாலும் ஏரிக்கரைப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அவள் பக்கம்தான் இருந்தார்கள். அவர்கள் மொத்தமாகக் குத்தினால் பூட்டு சாவிதான் ஜெயிக்கும் என்பது தங்கதுரைக்கும் தெரியும்.

ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்த ஆடியோ வந்தது. அனுப்பியவன் அஜித்குமார். தங்கதுரையின் டிராக்டரை ஓட்டுகிறவன், அவருக்காகப் போனையும் ஓட்டுகிறவன். கீழே ஒரு வரி: 'பூட்டு சாவி ஜெயிச்சா நம்ம ஊரைப் பேரூராட்சியில சேர்க்க கையெழுத்துப் போட்டாச்சு. அப்புறம் நூறு நாள் வேலை கிடையாது. இவங்க மனசுல இருக்கறதைக் கேளுங்க.'

மரத்தடியில் அம்சவள்ளி அதைப் போட்டாள். கோகிலவாணியின் குரல். சந்தேகமே இல்லை.

"நூறு நாள் வேலைங்குற பேர்ல மரத்தடியில உக்காந்து வெத்தல போடுறாளுங்க. சோம்பேறிக் கூட்டம்! இத மொதல்ல இழுத்து மூடணும். அப்பதான் நடவுக்கு ஆளு கெடைக்கும்."

அவ்வளவுதான். அப்போது காசியம்மாளின் வாயில் வெற்றிலை இருந்தது. அவள் அதைத் துப்பினாள்.

"நம்ம பொண்ணுன்னு நெனச்சோமேடி" என்றாள். "படிச்சதும் புத்தி எங்க போவுது பாரு."

அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வேலை வந்த பிறகுதான் நடவுக்குக் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். இதை இழுத்து மூடினால் மறுபடி வரப்பில் நின்று கும்பிட வேண்டியதுதான். அவள் எழுந்தாள். அவள் எழுந்தால் ஏதாவது நடக்கும்.

"மண்வெட்டிய எடுங்கடி" என்றாள்.

ஏரிக்கரைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூலி மாதக்கணக்கில் நின்று போன ஒரு சமயத்தில் ஆரம்பித்தது. மண்வெட்டியை மல்லாத்தி, அதன் தகட்டில் கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொருத்தியும் சுடரில் கையை வைத்து எடுக்க வேண்டும். அன்று, கூலி வரும்வரை சாலையைவிட்டு எழுந்திருக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள், கூலியும் வந்தது. சின்னப்பொண்ணு என்பவள் மட்டும் சத்தியத்தை மீறி நடவுக்குப் போனாள். அந்த வாரமே அவளுடைய கறவை மாடு செத்தது. அந்த வாரம் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கோமாரியில் மாடுகள் செத்தன என்பது வேறு விஷயம். மற்ற மாடுகள் நோயால் செத்தன, சின்னப்பொண்ணு மாடு சத்தியத்தால் செத்தது. ஊர் அப்படித்தான் முடிவு கட்டியது. அதற்குப் பிறகு மண்வெட்டிச் சத்தியம் என்றால் யாரும் விளையாட மாட்டார்கள்.

அம்சவள்ளியே கற்பூரத்தைக் கொளுத்தினாள். "பூட்டு சாவிக்குக் குத்த மாட்டோம். எங்க வவுத்துல அடிக்கறவளுக்கு எங்க கை போவாது." ஒவ்வொருத்தியாக வந்து கையை வைத்தார்கள். காசியம்மாள் கையை வைத்தபோது அழுதாள். கோகிலவாணி அன்று மாலையே ஓடி வந்தாள். "நான் அப்பிடிச் சொல்லலக்கா, எங்க சொன்னேன், யாருகிட்ட சொன்னேன்?" என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்டாள். அம்சவள்ளி அவள் முகத்துக்கு எதிரே போனைத் தூக்கிப் பிடித்து, "இது யாரு கொரலு? சொல்லு, யாரு கொரலு?" என்றாள். அந்தப் பெண் நின்று கேட்டாள். "கொரலு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு, எங்கே பேசினோம் என்று நினைவுக்கு வராமல் போய்விட்டாள். அம்சவள்ளிக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

ஓட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. மதியப் படம் ஏறவில்லை. போன் இடமில்லை, இடமில்லை என்று அடம் பிடித்தது. கீழே பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். அம்சவள்ளி மேட்டில் உட்கார்ந்து பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். திருவிழாக் கரகம், போச்சு. யாரோ சேற்றில் விழுந்தது, போச்சு. அப்புறம் கோடையில் எடுத்த ஒன்று. அழிக்கப் போன விரல், அதில் கோகிலவாணி நிற்பதைப் பார்த்து நின்றது.

அதே புங்க மரம். கோகிலவாணி பென்ஷன் விஷயமாக யாரையோ பார்க்க வந்திருக்கிறாள். சேலையைத் தொப்பைக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் இல்லாத குடையைப் பிடித்தபடி, வரப்பில் நடக்கிற பெரிய மனிதர் மாதிரி நடந்து காட்டுகிறாள். நடந்தபடி சொல்கிறாள்: "நூறு நாள் வேலைங்குற பேர்ல மரத்தடியில உக்காந்து வெத்தல போடுறாளுங்க. சோம்பேறிக் கூட்டம்! இத மொதல்ல இழுத்து மூடணும். அப்பதான் நடவுக்கு ஆளு கெடைக்கும்." பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் குடையைக் கீழே போடுவது போலக் கையை உதறிவிட்டு, "இப்பிடித்தான பேசிக்கினு திரியுறாங்க? அவங்கள ஒரு நாள் இந்த ஏரியில எறக்கி ஒரு பாண்டு மண்ணு சொமக்க வுடணும்!" என்கிறாள். சிரிப்புக்கு நடுவே, போனுக்கு மிகப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. "நல்லாச் சொன்ன கோகிலா! இன்னொரு வாட்டி நடந்து காட்டு!"

அது அம்சவள்ளியின் குரல்.

அவள்தான் எடுத்திருக்கிறாள். அவள்தான் குரூப்பில் போட்டிருக்கிறாள். யாரோ அதிலிருந்து முகத்தையும் நடையையும் சிரிப்பையும் வெட்டி எறிந்துவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தன் காதால் கேட்டு, தன் வாயால் சிரித்த பேச்சையே, போனில் திரும்பி வந்ததும் யாரோ எங்கோ ரகசியமாகப் பேசியது என்று நம்பியிருக்கிறாள். அவள் மட்டுமா? கீழே நிற்கிற அத்தனை பேரும் அன்று அங்கே இருந்தவர்கள்தான். காசியம்மாளின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்கிறது.

அம்சவள்ளி போனை மடியில் செருகினாள். மேட்டிலிருந்து இறங்கினாள், ஏறினாள், திரும்ப இறங்கினாள். "படம் ஏறிச்சாடி?" என்று கீழேயிருந்து காசியம்மாள் கத்தினாள். "ஏறிச்சு, ஏறிச்சு" என்று சொல்லிவிட்டு நேராக ஊருக்குள் நடந்தாள். ஏறியதா என்று பார்க்கக்கூட இல்லை.

அஜித்குமார் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். நல்ல பையன், எதிரே வந்தால் ஓரம் ஒதுங்கி வழி விடுகிறவன். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஏண்டா, நான் போட்ட வீடியோவத்தான வெட்டுன?"

அவன் குழாயை நிறுத்தவில்லை. "எனக்கு எப்பிடி வந்துச்சோ அப்பிடி அனுப்புனேன்க்கா. நீ ஒரு நாளைக்கு எத்தன அனுப்புற, எல்லாம் நீ பாத்துட்டா அனுப்புற?"

பிறகு அவன் குழாயை நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில், "அண்ணன் உன்ன எப்பவும் பெருமையாத்தான் சொல்லும். ஜெயிச்சாலும் பொறுப்பாளர் அம்சாக்காதான்னு நேத்துகூட சொன்னாரு. நீ ஏன்க்கா இத நோண்டிக்கினு?" என்றான். அதை மிரட்டல் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அதுதான் காதில் ஒலித்தது.

வீட்டில் ரம்யா இருந்தாள். பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள், நாள் நெருங்கிவிட்டது. போன வருஷம் ஒன்று தங்காமல் போயிற்று. அதிலிருந்து அம்சவள்ளி வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறாள். பெண் எழுந்தால் பதறுவாள், உட்கார்ந்தால் பதறுவாள்.

சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஒரு தட்டுத் தட்டினால் வீடியோ அழிந்துவிடும், போனிலும் இடம் கிடைக்கும். அன்று சாயங்காலம் வரை அவள் அதை எத்தனையோ தடவை நினைத்தாள். அடுப்பில் வைத்த பருப்பு தீய்ந்தது. மகளைக் காரணமில்லாமல் அதட்டினாள். பெங்களூரிலிருந்து ஓட்டுக்கு வந்திருந்த கொளஞ்சியப்பன், "இன்னா உனுக்கு, எறும்பு கடிச்ச மாதிரி சுத்திக்கினு கீற?" என்றான். அவனிடம்கூடச் சொல்லவில்லை. கோகிலவாணி வாசலில் நின்று 'கொரலு என்னுதுதான்' என்று சொன்ன முகம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அது என் குரலே இல்லை என்று சொல்லியிருப்பாள் அல்லவா?

மறுநாள் காலை ஏரிக்கரையில், படம் எடுத்து முடித்ததும், அம்சவள்ளி எல்லாரையும் மரத்தடியில் உட்கார வைத்தாள். "ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து வீடியோவைப் போட்டாள். முழுவதும் போட்டாள், தன் குரல் வருகிற இடம் வரைக்கும்.

முதலில் பேசியது சின்னப்பொண்ணு. மாடு செத்தவள்.

"இது டூப்பு."

"இன்னாடி டூப்பு? நீயே சிரிச்சிக்கினு நிக்கிற பாரு!"

"இப்பல்லாம் போன்ல யார வேணா எங்க வேணா நிக்க வெக்கிறானுங்களாம். செத்தவனயே பேச வெக்கிறானுங்க. என்ன நிக்க வெக்கறதுக்கு இன்னா? அந்தப் பொண்ணு உனுக்கு இன்னா குடுத்தா?"

அம்சவள்ளி போனையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்தாள். இந்த போனில் பாம்பு பால் குடித்ததை நம்பினார்கள். மாமியார் கோயிலை நம்பினார்கள். வெட்டிய குரலை நம்பினார்கள். இதே மரத்தடியில், இதே ஜனங்கள் நடுவில் நடந்ததை நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவள் மேல் தப்பு இல்லாமல் இல்லை. வந்ததையெல்லாம் ஒரே சத்தத்தில் போட்டுக் காட்டியவள் அவள்தானே?

"பெரிம்மா, நீ சொல்லு. அவ நடந்து காட்டுனது ஞாபகமில்ல?" என்று காசியம்மாளைப் பார்த்தாள்.

காசியம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "நடந்துதோ நடக்கலயோ. சத்தியம் பண்ணிட்டமேடி. கையி சுட்டத மறுபடி எடுக்க முடியுமா?"

எல்லாருடைய மனசிலும் இருந்தது அதுதான். வீடியோ உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் மண்வெட்டி ஒன்று இருக்கிறதே! ஒருத்தி தன் பையன் பட்டாளத்தில் இருப்பதைச் சொன்னாள். இன்னொருத்தி புருஷனின் நெஞ்சுவலியைச் சொன்னாள். சத்தியத்தை மீறினால் யார் வீட்டில் என்ன விழும் என்று யாருக்குத் தெரியும்?

அம்சவள்ளி எழுந்தாள். யோசித்திருந்தால் அவள் அதைச் செய்திருக்க மாட்டாள். யோசிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் காரியத்துக்குப் பிறகுதான். அதே மண்வெட்டியை எடுத்து மல்லாத்தினாள். அன்றைய சத்தியத்தில் மிஞ்சி இடுப்பில் முடிந்திருந்த கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். உள்ளங்கையைச் சுடர் மேல் வைத்தாள்.

"கொளுத்துனவ நானு. பொய்யக் கேட்டுக்கினு கொளுத்துனேன். உங்கள்ல யாரு இந்தச் சத்தியத்த மீறுனாலும் அந்தப் பாவம் உங்க வூட்டுக்கு வராது. அது என் தலையில வுழட்டும். என் குடும்பத்துமேல வுழட்டும். மாரியம்மா சாட்சி. போயி உங்க மனசுக்குப் புடிச்ச மாதிரி குத்துங்க."

"ஏய், வாயக் கழுவு!" என்று காசியம்மாள் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். "வூட்டுல வவுத்துப் புள்ளக்காரிய வெச்சிக்கினு இன்னா பேசுறடி!"

ஆனால் சொல்லியாயிற்று. கற்பூரம் எரிந்து முடிந்தது. பெண்கள் பாண்டுகளை எடுத்துக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வேலைக்கு இறங்கினார்கள். அம்சவள்ளி மேட்டில் போய் உட்கார்ந்தாள். யார் தலையில் எதை எடுத்து வைத்தோம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஓட்டு நாள். பள்ளிக்கூடத்தின் கதவு திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். தலைவர் ஓட்டுக்கான ரோஸ் கலர் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் முத்திரையைக் கையில் எடுத்தாள். ஆட்டோவுக்குக் குத்தினால் தன் பங்குச் சத்தியமாவது மிச்சம். பூட்டு சாவிக்குக் குத்தினால் முதலில் மீறியவள் அவளே. ரம்யாவின் முகம் வந்தது. சீட்டுக் கொடுத்த தேர்தல் அலுவலர் அம்மா, "நேரம் ஆவுது, சீக்கிரம்மா" என்றாள். அம்சவள்ளி கண்ணை இறுக மூடித் திறந்து, பூட்டு சாவி மேல் ஓங்கிக் குத்தினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கொளஞ்சியப்பன் தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தான். ரம்யாவுக்கு வலி கண்டுவிட்டது. எதிர்பார்த்த நாளுக்கு முன்பே. அம்சவள்ளி வீட்டுக்குள் ஓடினாள். பெண் கண்கள் செருக முனகிக்கொண்டிருந்தாள். 108 வண்டி வந்தது. ஊரைவிட்டு வெளியே போகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போனபோது, ஓட்டுப் போட வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்கண்ணாடி வழியாக அம்சவள்ளி அவர்களைப் பார்த்தாள். காசியம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி திரும்பியதும் யாரும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. உட்காரச் சொன்னவர்களையெல்லாம் முறைத்தாள். தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள். நான் மீறினேன், அவள் மீறவில்லை, என்னைக் கேள், என்னைக் கேள் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. ரம்யாவும் நன்றாக இருந்தாள். அம்சவள்ளி அங்கேயே தரையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதாள்.

வீட்டுக்கு வந்த சில நாளில் ஓட்டு எண்ணினார்கள். தங்கதுரை ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை. ஏரிக்கரைப் பெண்கள் பாதிப் பேர் மாறிக் குத்தியிருந்தால் போதும். தெருவில் வெடி வெடித்தார்கள், குழந்தை திடுக்கிட்டு எழுந்தது. கோகிலவாணியின் தையல் கடை அன்று திறக்கவில்லை. அம்சவள்ளிக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அத்தனையும் கண்ணால் பார்த்துவிட்டு நம்பவில்லையே, பாவிகள்!

அன்று மதியம் காசியம்மாள் வந்தாள். மடியில் ஒரு சின்ன கறுப்பு வளையலும் வேப்பிலைக் கொத்தும் இருந்தன. குழந்தையை மடியில் கிடத்தித் துணியை விலக்கிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் போல மூச்சு விட்டாள்.

"ஒரு கொறையுமில்ல" என்றாள். "நாங்க காப்பாத்திட்டோம்டி."

"இன்னா காப்பாத்துன பெரிம்மா?"

"நீ காட்டுனது நெசந்தான்னு அன்னைக்குச் சாயந்திரமே எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. தொப்பையில சேலையச் செருவிக்கினு நடந்தாளே, எனக்கு நல்லா ஞாபகம் வந்துச்சு. பூட்டு சாவிக்குத்தான்னு பேசிக்கினுதான் வந்து வரிசையில நின்னோம். அப்பத்தான் உன் பொண்ணத் தூக்கிக்கினு வண்டி போச்சு. எப்பிடிடி மனசு வரும்? நாங்க ஒருத்தி மீறுனாலும் அந்தப் புள்ள தலையிலன்னு நீ சொல்லியிருக்கியே. சின்னப்பொண்ணுதான் மொதல்ல சொன்னா, ஓட்டு அஞ்சு வருஷத்துல மறுபடி வரும், புள்ள வருமான்னு." காசியம்மாள் வளையலை எடுத்துக் குழந்தையின் கையில் மெதுவாக ஏற்றத் தொடங்கினாள். "ஒருத்திகூட மீறல. எல்லாரும் ஆட்டோவுக்கே குத்திட்டோம். மாரியம்மா கண்ணத் தொறந்துட்டா."

அம்சவள்ளி காசியம்மாளையே பார்த்தாள். அந்த முகத்தில் பாசத்தைத் தவிர எதுவும் இல்லை. திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. கும்பிடலாம் என்றால் கை வரவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே இன்னொரு சரம் வெடித்தது. குழந்தை உடம்பை முறுக்கிக்கொண்டு, முகம் சிவக்க, பலமாக அழத் தொடங்கியது.

"நான் மீறிட்டேன் பெரிம்மா" என்றாள். "காலையில மொத ஆளாப் போயி பூட்டு சாவிக்குத்தான் குத்துனேன். அதுக்கப்புறந்தான் வலியே வந்துச்சு. பாரு, புள்ள எவ்ளோ நல்லா அழுவுது."

வளையலை ஏற்றிக்கொண்டிருந்த காசியம்மாளின் கை அப்படியே நின்றது.